மண் தொட்டால் வரலாறு வரும்

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு வரலாறு என்றாலே வேப்பங்காய். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கேளம்பாக்கம்

பதில்: டியூஷன் வேண்டாம். கோவளம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் பக்கத்திலேயே முட்டுக்காடு. அங்கே 1996-ல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகம் இருக்கிறது. செட்டிநாட்டு வீடு உட்படப் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்துவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பிள்ளைகளுக்கான கைவினைப் பயிற்சியில் உட்கார வையுங்கள். சுழலும் சக்கரத்தில் மண்ணை நடுவில் நிறுத்தவே திணறுவான். விரல் சற்று அழுந்தினால் பானை கோணிவிடும். அதன்பிறகு பாடத்தில் கீழடிப் பானை ஓடு வந்தால், வனைந்தவரின் உழைப்பு அவனுக்குப் புரியும். செவ்வாய் விடுமுறை. பயிற்சி நேரத்தை முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.