சவரக் கத்தியின் அழகும் கூர்மையும்

ஞாயிற்றுச் சந்தையில் பழைய மடக்குச் சவரக் கத்தி தேடும் நம் சங்க நண்பர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. இங்கிலாந்தின் ஷெபீல்டுக் கத்தியே கத்தி என்பர் ஒரு சாரார். ஆப்புப் போல் கனத்த அதன் அலகு முரட்டுத் தாடிக்கும் வளையாதாம். மறு சாரார் ஜெர்மனியின் சோலிங்கன் கத்திக்குக் கொடி பிடிப்பர்; இரு புறமும் குழிவாகக் குடைந்த மெல்லிய அலகு, மழிக்கும்போது இசைக்கிறதாம்!

உலோகவியல் பயிலும் நான் எக்கட்சியிலும் சேரேன். தீட்டும்போது கத்தியின் முதுகும் வாயும் ஒருங்கே கல்லில் படிகின்றன. ஆகவே வாயின் கோணத்தை முதுகின் தடிப்பும் அலகின் அகலமுமே முடிவு செய்கின்றன. தடிப்பு 2 பங்கு, அகலம் 7 பங்கு என்றால் கோணம் ஏறத்தாழ 16 பாகை. அலகு கனத்ததாயினும் குழிந்ததாயினும் கணக்கு ஒன்றே. குழிந்ததில் தேய்த்து நீக்கவேண்டிய எஃகு குறைவு, தீட்டுவது எளிது.

அழகு விஷயத்தில்தான் நான் சண்டைக்கு நிற்பேன். துருப் புள்ளிகளைப் போக்க, விற்பவர் சிலர் அலகை மின்சாரச் சக்கரத்தில் பிடித்து மெருகிடுகின்றனர். மெல்லிய வாய் நொடியில் சூடேறும். 300 பாகை சென்டிகிரேடு அளவில் எஃகில் நீலம் பாயும். அதற்கு முன்பே பதம் இளகத் தொடங்கிவிடும். அந்த நீலத்தையும் தேய்த்து அழித்துவிட்டால் வாங்குபவர் எப்படி அறிவார்? கத்தி கண்ணைப் பறிக்கும், கூர் நில்லாது. எனக்குப் புள்ளி விழுந்த கத்தியே போதும், வாயில் மட்டும் புள்ளி கூடாது.

ஆமையோடு போல் மின்னும் செல்லுலாய்டுப் பிடியிலும் ஓர் ஆபத்து. பழசாகிச் சிதையும்போது அது கக்கும் அமில ஆவி அலகையே அரிக்கும். அப்படிப்பட்ட கத்தி கிடைத்தால், முதலில் பிடியைக் கழற்றி மரப்பிடி பூட்டுங்கள்.