நாலு புள்ளி எடுத்தவன்

நம் வலியசாலைப் பிள்ளைகள் கூடைப்பந்து ஆடிவிட்டு வந்தால், "எத்தனை புள்ளி எடுத்தாய்?" என்றுதான் கேட்கிறோம். எஞ்சினைப் பார்க்கிறவர்கள் தண்டவாளத்தை இணைக்கும் பிஷ்பிளேட்டைப் பார்ப்பதில்லையே!

ஒரு கணக்குப் போடுவோம். 40 நிமிட ஆட்டம். ஒருவன் 18 நிமிடம் களத்தில் நின்று 4 புள்ளிதான் எடுத்தான். அந்த நேரத்தில் நம் அணி 34, எதிரணி 28. அவன் வெளியே இருந்தபோது நாம் 30, அவர்கள் 41. ஆட்டம் தோல்விதான், ஆனால் அவன் நின்றபோது 6 கூடுதல், இல்லாதபோது 11 குறைவு. அமெரிக்காவில் 2006இல் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்கு வந்த ஷேன் பேட்டியரின் அருமை இத்தகைய கணக்கில்தான் தெரிந்தது. எதிரணியின் பெரிய ஆட்டக்காரரை மறிப்பது அவர் வேலை. அவருடைய சராசரியோ ஆட்டத்துக்கு 8.6 புள்ளி.

ஓர் ஆட்டத்தை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். கூட நின்ற நால்வர் யார் என்பதையும் சேர்த்து, பல ஆட்டங்களுக்குக் குறித்து வையுங்கள்.