இறுகிப்போன சைக்கிள் பெடலைக் கழற்றுவது எப்படி?

எங்கள் தோட்டத்தில் பால் கறக்க வரும் பெரியவர் தினமும் ஐந்து கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வருகிறார். அமுதக்கரைசல், பஞ்சகவ்யக் கேன் எல்லாம் வயலுக்குப் போவதும் அந்தச் சைக்கிளில்தான். சிந்துகிற கோமியத்தில் உப்பு இருக்கிறது, இரும்பை அது சும்மா விடாது.

போன மழைக்காலத்தில் இடது பெடல் உடைந்தது. "கடைக்கு எதுக்கு, நானே கழட்டி மாத்தித் தர்றேன்" என்று வாங்கி வைத்தேன். வங்கியில் பேனா பிடித்த கை! எல்லா நட்டையும் போல இடப்பக்கமாகத் திருப்பினேன். அசையவில்லை. ஸ்பேனரில் மூன்றடி ஜி.ஐ. பைப்பைச் சொருகித் தொங்கினேன். ஸ்பேனர் வழுக்கி, அச்சின் பட்டை மழுங்கியதுதான் மிச்சம். மூன்று நாள் அவர் நடந்தே வந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் உறுத்தியது.

நான் செய்தது கழற்றுவதல்ல, இறுக்குவது. வலது பெடலுக்குச் சாதாரண மரை, இடது பெடலுக்குத் தலைகீழ் மரை. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால், மிதிக்க மிதிக்க இடது பெடல் தானே கழன்று விழும். ஒரு பென்சிலைக் கைமுட்டிக்குள் தளர்வாகப் பிடித்து, அதன் முனையை வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். பென்சில் எதிர்த்திசையில் உருளும். பெடல் அச்சிலும் இதேதான் நடக்கிறது.

வலம், இடம் என்று குழம்பவே வேண்டாம். ஸ்பேனரின் பிடி மேலே பார்க்க நிற்கட்டும். எந்தப் பக்கப் பெடலானாலும் பிடியைப் பின் சக்கரத்தை நோக்கித் தள்ளினால் கழலும்.

துரு பிடித்திருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள். மரையின் இரு முனையிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். கீழே பழைய டப்பா வையுங்கள், மண்ணில் சிந்த வேண்டாம். துடைத்த துணியும் எருக்குழிக்குப் போகக் கூடாது. காலையில் எண்ணெயைத் துடைத்துவிட்டு, கிராங்கின் பெடல் முனையில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். சூட்டில் கிராங்கின் துளை கொஞ்சம் விரியும்.

கிராங்க் சுற்றாமலிருக்க, பின் சக்கரத்துக்குப் போகும் பிரேம் குழாயோடு பழைய டியூப்பால் கட்டிவிடுங்கள். பெரும்பாலும் 15 எம்.எம். ஸ்பேனர் பொருந்தும், ஆனால் வாய் தடித்திருந்தால் இடுக்கில் நுழையாது. சில பெடல்களில் ஸ்பேனர் பிடிக்கப் பட்டை இருக்காது. அதற்குக் கிராங்கின் உள்பக்கத்திலிருந்து ஆலன் கீ போட வேண்டும். பைப் சொருகுவது இதற்கெல்லாம் பிறகுதான். விசை மெதுவாக ஏறட்டும். 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அது நல்ல சத்தம்.

என்னைப் போலப் பட்டையை மழுக்கிவிட்டால் கிராங்கையே கழற்ற வேண்டியதுதான். காட்டர் பின்னின் நட்டை முழுதாக எடுக்காமல், பின் முனைக்குச் சமமாக வரும்வரை தளர்த்தி அதன்மேல் அடியுங்கள், பின்னின் மரை நசுங்காது. பிறகு பட்டறை வைஸில் பெடல் அச்சைக் கவ்வவைத்து, கிராங்கைத் திருப்ப வேண்டும். எங்கள் ஊர் வெல்டிங் பட்டறைக்காரர் இதைச் செய்ய ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

புதுப் பெடலில் இடது, வலது பார்த்து எடுங்கள். மரைக்கு கிரீஸ் தடவி, முதல் சில சுற்றைக் கையாலேயே ஏற்றுங்கள். கை ஓடவில்லை என்றால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம், உடனே வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். பெரியவரின் வலது பெடலையும் அன்றைக்கே கழற்றி கிரீஸ் போட்டு மாட்டிக் கொடுத்தேன்.