இருபது ஆண்டு எடுபடும் ராப்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தம்பி தங்கைகளுக்கு

தீபாவளி நெருங்கினால் பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் கடைக்குக் கடை புதுக் குரல் ஒன்று ராப் பாடுகிறது. அடுத்த தீபாவளிக்கு அந்தக் குரலைக் காணோம். திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. ராப் பாடகர் யோகி பி 1998-இல் பொயட்டிக் அம்மோ குழுவின் முதல் ஆல்பத்தோடு வந்தவர். 2018-இல் 'காலா' படத்தின் 'கற்றவை பற்றவை'யிலும் அவர் குரல் கேட்டது. மற்றவர்கள் ஏன் நிலைக்கவில்லை என்று யோசித்ததில் எழுந்தவை இவை.

செய்ய வேண்டியவை

• பெயர் கிடைத்த இடத்திலேயே உட்கார்ந்துவிடாமல் நகருங்கள். பொயட்டிக் அம்மோ ஆங்கிலம், மலாய், தமிழ், காண்டனீஸ் என்று பாடி விருதுகளும் வாங்கிய குழு. அந்தப் புகழை வைத்தே யோகி பி காலத்தை ஓட்டியிருக்கலாம். அவரோ எம்சீ ஜெஸ், டாக்டர் பர்ன் இருவரோடும் நட்சத்ரா குழுவாகச் சேர்ந்து, 2006-இல் 'வல்லவன்' ஆல்பத்தில் தமிழை முன்னால் நிறுத்தினார். ராப் என்றாலே முகம் சுளித்த அம்மாக்களும் அந்த ஆல்பத்தின் 'மடை திறந்து' பாட்டைக் கேட்டார்கள். 1980-இல் 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடிய மெட்டு அது. பழைய மெட்டு கேட்பவரை உள்ளே அழைத்து வரும், அவ்வளவுதான். வந்தவரை உட்கார வைப்பது உங்கள் சொந்த வரிகள்.

• உங்கள் வயதைப் பாடுங்கள். பத்தொன்பதில் எழுதிய கோபத்தை முப்பத்தைந்தில் நடித்துக் காட்டினால் கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அமெரிக்க ராப் பாடகர் ஜே-ஸீ 2017-இல் '4:44' ஆல்பத்தை வெளியிட்டபோது அவருக்கு 47 வயது. மனைவிக்கு இழைத்த துரோகத்தையும் பிள்ளைகளுக்கு விட்டுப்போகும் சொத்தையும் பாடினார். நமக்கும் வீட்டுக்கடன் இருக்கிறது, பி.பி.ஆர். அடுக்குமாடியில் பழுதான லிஃப்ட் இருக்கிறது, பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பதா என்று இரவில் நடக்கும் வாக்குவாதம் இருக்கிறது. இவற்றை யார் பாடுவது?

• எழுதிய பாட்டை, பாட்டு எழுதுவோருக்காக உரிமைத்தொகை வசூலிக்கும் எம்.ஏ.சி.பி. அமைப்பில் பதிவு செய்யுங்கள். வானொலியில் ஒலிக்கும் பாட்டுக்கு உரிமைத்தொகை உண்டு. வாடகை கட்ட முடியாமல் எழுத்தை நிறுத்தியவர்கள்தான் அதிகம்.

• உங்களைவிடப் பத்து வயது இளையவரோடு ஒரு பாட்டாவது செய்யுங்கள்.

செய்யக்கூடாதவை

• சென்னைத் தமிழை இரவல் வாங்காதீர்கள். என் மனத்தை மிகவும் வருத்துவது இதுதான். 2018-இல் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு வழியே கவனம் பெற்ற ராப் பாடகர் அறிவு, 2021-இல் 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவைக் கொண்டுவந்தார். உலகமே கேட்டது. நம் பாட்டிமாரும் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்கள்தாமே? லயத்து வீடு, ஆயாக்கொட்டகை, தோட்டத்தை விற்றதும் குடும்பம் குடும்பமாகக் கிள்ளானுக்கும் பூச்சோங்குக்கும் பெயர்ந்தது என்று எவ்வளவு இருக்கிறது நம்மிடம்! அதை விட்டுவிட்டு வடசென்னைக்காரர்போல் பேசினால், அசலே ஒரு தட்டலில் கைப்பேசியில் கிடைக்கும்போது நகலை எதற்குக் கேட்பார்கள்? கித்தா, தவுக்கே, வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் 'லா' எல்லாம் வரியில் இருக்கட்டும்.

• வாழாத குண்டர் வாழ்க்கையைப் பாடாதீர்கள். அதில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் உங்கள் தாமானிலேயே இருக்கின்றன.

• கோடம்பாக்கம் கூப்பிட்டதும் உள்ளூரைக் கைவிடாதீர்கள். சினிமாவில் ராப் பெரும்பாலும் கதாநாயகன் நடந்துவரும் சில விநாடிகளுக்குத்தான். 2017-இல் 'விவேகம்' படத்தின் 'சர்வைவா'வில் யோகி பி தனித்துத் தெரிந்தாரென்றால், படத்துக்கு வெளியே அவருக்கென்று ஒரு குரல் ஏற்கெனவே இருந்ததுதான் காரணம். மலேசிய மக்கள்தொகையில் இந்தியர் ஏறத்தாழ 7 விழுக்காடு. சந்தை சிறியதுதான். ஆனால் கல்யாணம், கோயில் திருவிழா, கல்லூரி விழா என்று உங்களை நேரில் பார்க்கக் கூப்பிடுவது அந்தச் சிறு கூட்டம்.

• காசு கொடுத்து யூடியூப் பார்வைகளை வாங்காதீர்கள்.

• மேடையில் பதிவுசெய்த குரலை ஓடவிட்டு வாயசைக்காதீர்கள். மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை. மூச்சுக்கு இடம் விட்டு வரியை எழுதவும், வீட்டிலேயே நின்றபடி முழுப் பாட்டையும் பாடிப் பழகவும் அந்த மேடைதான் உங்களைக் கட்டாயப்படுத்தும்.