குளிரில் ஒரு ஷேவிங் பாடம்

சுமார் 6,000 அடி உயர வெலிங்டனில், விடிகாலைப் பச்சைத் தண்ணியைத் தொட்டு அவசரமா ஷேவ் பண்ணி, இன்டர்வியூவுக்குக் கன்னத்தில் பிளாஸ்திரியோடு போனவன் நான்.

தாடிமுடி கெரட்டின் என்ற புரதம். தண்ணீர் ஊறினால்தான் இளகும். வெந்நீரில் நனைத்த துண்டை மூன்று நிமிடம் முகத்தில் போடுங்கள். பிறகு சோப்பு நுரை. முடி சாயும் திசையிலேயே, சுமார் 30 டிகிரி சாய்வில், அழுத்தாமல் இழுக்கவும். அழுத்துறதுதான் நம்ம பசங்க வியாதி!

முடியைவிட எஃகு சுமார் 50 மடங்கு கடினம். அப்புறம் ஏன் பிளேடு மழுங்குது? 2020-ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில், வளைந்த முடி மோதினால் முனை சில்லு சில்லாகப் பெயருதாம்! மெட்டீரியல்ஸ் பாடம் கன்னத்திலேயே நடக்குது. பிளேடு பிடித்து இழுத்தால் உடனே மாத்திடுங்க. கடைசியாகப் பச்சைத் தண்ணி, வெட்டுப்பட்ட இடத்தில் படிகாரம்.