சேர்ந்து கற்கும் கணிதம்



"நாலு பிள்ளைகள் ஒரு மேசையைச் சுற்றியிருந்து கதைக்கினம். ரீச்சர் கரும்பலகைப் பக்கமே போகேல்லை. இப்பிடியெண்டால் பிள்ளை எப்ப கணக்குப் படிக்கிறது, மாஸ்ரர்?" கனடியப் பாடசாலையொன்றில் தம் பிள்ளையின் வகுப்பைப் பார்த்து வந்த தந்தையொருவர் எம்மிடம் இவ்வாறு கேட்டார். பெற்றோர் பலரது மனத்திலும் உள்ள இக்கேள்விக்கு எமக்குத் தெரிந்த அளவில் இங்கு விடை கூற முற்படுகின்றோம்.

தாயகத்தில் நாம் ஆசிரியப் பணி புரிந்த காலத்தில், அயலிலிருப்பவனின் கொப்பியைப் பார்ப்பது பெருங்குற்றம். இடக்கையால் கொப்பியை மறைத்துக்கொண்டு கணக்குச் செய்பவனையே நல்ல மாணவன் என்றோம். எட்டிப் பார்த்தவனை வாங்கின் மேல் ஏற்றி நிறுத்தினோம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சையே எம் கண்முன் நின்றது. முன்வாங்கிலிருந்த சிலர் முன்னேறினர்; பின்வாங்கிலிருந்தோர் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு போயினர். அவர்களுக்கு விளங்கியதா என்று நாம் கேட்டது குறைவு. அது எமது தவறென்பதை இன்று உணர்கின்றோம்.

ஒருவருக்கொருவர் கற்பித்தல் எம்மவருக்குப் புதியதன்று. எமது திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தான். 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லமொன்றின் பொறுப்பை ஏற்ற அன்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் இல்லத்தில் கைக்கொண்டு, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியே அது 'சென்னை முறை' எனப் பெயர் பெற்றது. ஆயினும் அம்முறையில் ஒருவன் சொல்ல, மற்றவர் கேட்டனர். இன்றைய கூட்டுக் கற்றலிலோ ஒவ்வொருவரும் சொல்லவும் வேண்டும், கேட்கவும் வேண்டும்.

1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில் வெள்ளையின, கறுப்பின, மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்த்தப்பட்டபோது பகைமை மூண்டது. எலியட் அரொன்சன் என்னும் உளவியலாளர் பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். மற்றவர் உதவியின்றி எவரும் முழுப் பாடத்தையும் அறிய முடியாத நிலையில், பிள்ளைகள் ஒருவரையொருவர் செவிமடுக்கப் பழகினர்.

எனினும் நால்வரைச் சேர்த்து இருத்தினால் மட்டும் அது கூட்டுக் கற்றல் ஆகிவிடாது. ஒருவன் செய்ய மூவர் பார்த்தெழுதினால் அந்தத் தந்தையின் அச்சம் நியாயமானதே. ஆய்வாளர் ரொபேர்ட் சிலாவின் இரு நிபந்தனைகளை வலியுறுத்தினார். ஒன்று, குழுவுக்குப் பொதுவான இலக்கு இருத்தல் வேண்டும். மற்றையது, ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே கற்றதற்குப் பொறுப்புக் கூற வேண்டும். கணித வகுப்புக்களில் சிறு குழுக்களை ஆராய்ந்த நோரீன் வெப் மேலும் ஒன்றைக் கண்டார். விளக்கம் கொடுக்கும் பிள்ளை கூடுதலாகக் கற்கிறது. வெறும் விடையை மட்டும் பெறும் பிள்ளைக்கு அதனால் பயனில்லை.

இதனை எமது தமிழ்ப் பாடசாலையில் நாம் நேரிற் கண்டோம். ஒரு சனிக்கிழமை நான்கு பிள்ளைகளிடம் 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டோம். துடிப்பான சிறுவனொருவன் மேலுள்ளவற்றையும் கீழுள்ளவற்றையும் கூட்டி, "2/5" என்றான். இருவர் உடனே எழுதிக்கொண்டனர். நான்காமவள் அண்மையில் இந்நாட்டுக்கு வந்தவள். ஆங்கிலம் தெரியாமையாற் பகற் பாடசாலையில் வாய் திறவாதவள். கணக்கிற் பின்தங்கியவள் என வீட்டாரே எண்ணியிருந்தனர். அவள் மெதுவாக, "பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியிலும் குறையுமோ?" என்று தமிழிற் கேட்டாள்.

மேசையில் அமைதி நிலவியது. ஐந்தில் பாதி இரண்டரை. ஆகவே 2/5 பாதியிலும் சிறியது. பின்னர் அவர்களே ஒரு தாளை ஆறு சம பெட்டிகளாகப் பிரித்தனர். பாதி 3 பெட்டி. மூன்றிலொன்று 2 பெட்டி. மொத்தம் 5 பெட்டி. எனவே விடை 5/6. முன்னைய நாமாயின் 2/5ஐச் சிவப்பு மையால் வெட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்போம். அன்றோ, பிழையாகச் சொன்ன சிறுவனையே எழுப்பி விளக்கச் சொன்னோம். அவன் தாளைக் காட்டித் தெளிவாக விளக்கினான். அதன்பின் நால்வருக்கும் தனித்தனியே வேறொரு கணக்குக் கொடுத்தோம். அப்பிள்ளைக்குக் கணிதம் தெரியாமலிருக்கவில்லை. அவளைக் கேட்பாரில்லாமல் இருந்தது.

பெற்றோர்களே! "உன் விடையை ஒருவருக்கும் காட்டாதே" எனப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். "விடையைக் கொடாதே, வழியைச் சொல்லிக்கொடு" எனச் சொல்லுங்கள். மாலையில் எத்தனை புள்ளி என்று கேட்பதோடு, இன்று யாருக்கு என்ன விளங்கப்படுத்தினாய் என்றும் கேளுங்கள். அண்ணன் தம்பிக்குத் தமிழில் விளக்கட்டும். கணிதத்தோடு தாய்மொழியும் வளரும். பரீட்சையில் பிள்ளை தனித்தே எழுத வேண்டும் என்பது உண்மை. சேர்ந்து விளங்கிக்கொண்டதே அங்கு துணை நிற்கும்.

மாணவச் செல்வங்களே! 1/4 + 1/3 எவ்வளவு? பன்னிரண்டு பெட்டிகள் கொண்ட தாளொன்றை எடுத்து, நண்பரோடு சேர்ந்து கண்டுபிடியுங்கள். அடுத்த சனிக்கிழமை உங்களில் யாரை எழுப்புவோம் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டோம். ஆகையால் எல்லோரும் விளங்கிக்கொண்டு வாருங்கள்.