உல்துனா போகும் பாப்பாவுக்கு

வேப்பந்தட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு, பெரியப்பா எழுதுவது.  

உப்சாலாவிலிருந்து அனுமதிக் கடிதம் வந்துவிட்டதென்று உன் அப்பா போனில் சொன்னான். குரலில் பாதி சந்தோஷம், பாதி கலக்கம். கலக்கம் பணத்தைப் பற்றித்தான். அதை முதலில் பேசி முடித்துவிடுவோம்.

ஸ்வீடனில் படிப்பு இலவசம் என்று உங்கள் வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது பழைய கதை. 2011 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து போகிறவர்கள் அங்கே கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும். நார்வேயும் 2023இல் அந்த வழிக்கு வந்துவிட்டது. கட்டணச் சலுகை ஏதும் கிடைக்குமா என்று பல்கலைக்கழகத்துக்கே நேராக எழுதிக் கேள். விசா வாங்கித் தருகிறேன் என்று இப்போது பணம் கேட்கிற ஏஜென்ட்டுக்கு ஒரு ரூபாய் கொடுக்காதே. அந்த விண்ணப்பத்தை வீட்டில் உட்கார்ந்து நீயே இணையத்தில் போடலாம். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி அடமானம் கேட்கும். கேட்டால் வீட்டு மனையைக் காட்டுங்கள். கிணறு உள்ள கொல்லையைக் காட்டாதீர்கள். நீ படிக்கிற காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும் என்பதை உன் அப்பாவுக்கு நன்றாகப் புரிய வை.

சரி, படிப்புக்கு வருவோம். நீ போகிற வேளாண் பல்கலைக்கழகம் 1977இல் உண்டானது. வேளாண்மை, காடு, கால்நடை என்று தனித்தனியாக இருந்த கல்லூரிகளை ஒன்றாக்கி உருவாக்கினார்கள். நாம் நேர்மாறாகச் செய்தோம். கால்நடைப் படிப்பு கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருந்தது. 1989இல் பிரித்துத் தனிப் பல்கலைக்கழகம் ஆக்கினோம். நிர்வாகத்துக்கு அது வசதியாக இருந்திருக்கலாம். நம்மூர்க் குடியானவனுக்கு வயலும் மாட்டுக்கொட்டகையும் ஒரே கணக்குதானே. அதனால் சொல்கிறேன், மண் படிக்கப் போகிறவள் மண்ணோடு நின்றுவிடாதே. பக்கத்துக் கட்டடத்தில் கால்நடை மருத்துவம் நடக்கும். அனுமதித்தால் போய் உட்கார். தீவனத்தில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை 1986இலேயே சட்டம் போட்டு நிறுத்திய நாடு அது. ஐரோப்பா முழுக்க அந்தத் தடை வர 2006 ஆயிற்று. இங்கே மடிநோய் கண்டால் முதல் வேலையாக ஊசிதான். தீவனத்தில் மருந்தை நிறுத்தியும் மாடு வளர்ப்பதற்கு அவர்கள் கொட்டகையில் என்னென்ன மாற்றினார்கள் என்று நீ பார்த்து எழுதினால் எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

உன் வளாகம் இருக்கிற உல்துனாவில் நீ கட்டாயம் பார்க்க வேண்டியது ஒரு சிறு நிலம். 1956இல் தொடங்கிய சோதனை அது. நான்கு சதுர மீட்டர் அளவில் சட்டம் அடித்த சிறுசிறு பாத்திகள். ஒன்றில் வைக்கோல், ஒன்றில் தொழுவுரம், ஒன்றில் மரத்தூள், ஒன்றில் சாக்கடைக் கசடு; இன்னொன்றில் எதுவுமே பயிரிடாமல் வெறும் தரிசு. எந்தப் பாத்தியில் எதைத் தொடங்கினார்களோ அதையே இன்றுவரை போட்டுக்கொண்டு, மண்ணில் எவ்வளவு கரிமம் தங்குகிறது என்று அளக்கிறார்கள். 2000 முதல் அதில் மக்காச்சோளம்தான் பயிர். நம் பெரம்பலூர்ப் பயிர்! அங்கிருந்து 2011இல் வந்த ஒரு முடிவு எனக்குப் பெரிதாகப் பட்டது. தட்டையும் தழையும் மக்கி மண்ணில் தங்குவதைவிட வேரிலிருந்து வருவது இரண்டு மடங்குக்கு மேல் தங்குகிறதாம்.

இதை நம்மூரில் வைத்துப் பார். அறுவடை ஆனதும் சோளத்தட்டை மாட்டுக்குப் போய்விடுகிறது. அடிக்கட்டையும் வேரும் மட்டும்தான் மண்ணுக்கு மிச்சம். தட்டையை மடக்கி உழு என்று வேளாண்மைத் துறையில் இருந்த காலமெல்லாம் சொன்னேன். மாடு வைத்திருக்கிறவன் எப்படிக் கேட்பான்? ஸ்வீடன் கணக்கு இங்கேயும் பலிக்குமென்றால் அவன்மேல் குற்றமில்லை. ஆனால் குளிர்காலத்தில் உறைந்து கிடக்கிற மண்ணும் சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கிற நம் கரிசலும் ஒன்றல்ல. இந்தச் சூட்டில் வேரும் சீக்கிரம் கரைந்துவிடுகிறதா, தங்குகிறதா? இந்தக் கேள்வியை நீ எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன். கேள்வி இல்லாமல் போனால் அவர்கள் கேள்விக்கு நீ அளந்து கொடுத்துவிட்டு வருவாய். சம்பளத்துக்கு அது போதும். அதற்கு மனை வரைக்கும் அடமானம் வைக்க வேண்டியதில்லை.

போவதற்கு முன் கோயம்புத்தூர் போய் வா. அங்கே 1909 முதல் ஒரே நிலத்தில் நடக்கிற நிரந்தர உரச் சோதனை இருக்கிறது. உல்துனாவுக்கு நாற்பத்தேழு வருஷம் மூத்தது. நீ படித்த கல்லூரியும் கோயம்புத்தூரோடு இணைந்ததுதான், ஆனாலும் நாலு வருஷத்தில் உங்களை ஒருநாள் அங்கே கூட்டிப் போனதாக நீ சொன்னதில்லை. அந்தப் பாத்திகளைப் பார்த்துவிட்டு உல்துனா பாத்திகளைப் பார். முதல் பருவத்திலேயே வழிகாட்டியிடம், ஆய்வேட்டுக்கான மண்ணை இங்கிருந்து எடுக்கலாமா என்று கேட்டுவிடு.

அரியலூர்ப் பக்கத்தையும் விடாதே. சிமெண்டு ஆலைகளுக்குப் பிழைப்புத் தருகிற அதே சுண்ணாம்புதான் பயிருக்கு வினை. உன் அம்மாயி ஊரில் கடலைக்கொல்லைக்குள் குனிந்து பார்த்திருக்கிறாயா? கொழுந்து இலை மஞ்சளாக வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு அதிகமான மண்ணில் வேரால் அதை எடுக்க முடியவில்லை. அன்னபேதி உப்பை ஒரு சதவீதக் கரைசலாகத் தெளித்தால் இலை பச்சை திரும்பும். அடுத்து வருகிற கொழுந்து மறுபடி வெளுக்கும். தெளிப்பதைத் தவிர வேறு வழி உண்டா என்று மண்ணறிவியல் படித்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். நீயும் அந்த வரிசையில் சேரப் போகிறாய்.

படைப்புழு 2018இல் நம் மக்காச்சோளத்தைச் சூறையாடியது உனக்கு நினைவிருக்கும். பூச்சிகள் வாசனையை எப்படி அறிகின்றன என்பதில் பேர்போன ஆய்வுக்கூடம் அந்தப் பல்கலைக்கழகத்தின் அல்னார்ப் வளாகத்தில் இருக்கிறது. அது நாட்டின் தென்கோடி, உனக்கு வடக்கே வேலை. விடுமுறையில் ஒருதடவை போய் வா. நாம் கட்டித் தொங்கவிடுகிற இனக்கவர்ச்சிப் பொறிக்குப் பின்னால் இருக்கிற அறிவியல் அங்கேதான் விளங்கும்.

மற்றபடி சில்லறை விஷயங்கள். அங்கே பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டு இருந்துவிடாதே. மார்கழியில் மூன்று மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். அது மனசைப் போட்டு அழுத்துமாம். மத்தியானம் கொஞ்சநேரம் வெளிச்சத்தில் நட, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவோடு பேசு. கறிவேப்பிலை காயவைத்துத் தருகிறேன் என்று உன் பெரியம்மா இப்போதே ஆரம்பித்துவிட்டாள். அதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் உப்சாலாவில் இருந்த லின்னேயஸ்தான். தரங்கம்பாடிக்கு வந்த தன் மாணவர் கோனிக்கின் பெயரைத்தான் அதில் வைத்தார். செடி என்னமோ நம் கொல்லைப்புறத்தது.

உனக்கு ஆவணியில் வகுப்பு தொடங்கிவிடும். இங்கே மானாவாரி விதைப்பு புரட்டாசியில். அதனால் மண் மாதிரியை இப்போதே எடுத்துவிடலாம், வாலிகண்டபுரம் வேளாண் அறிவியல் மையத்தில் கொடுத்துப் பார்ப்போம். வங்கிக்கு உன் அப்பாவைத் தனியாக அனுப்பாதே. பத்திரத்தை எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்; என்றைக்கு என்று மட்டும் சொல்.

அன்புடன்,
பெரியப்பா